பாடம் கிடைக்காத மாணவி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் சேரும் முதலாண்டு மாணவர்கள், தங்களுக்கு வேண்டிய பாடங்களைப் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறார்கள். யாருக்கு எந்த வகுப்பில் இடம் என்பதை ஒரு கணினி நிரல் முடிவு செய்கிறது. இருக்கும் இடத்தைவிடக் கேட்பவர்கள் அதிகம் உள்ள பாடங்களில் சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. ஒரே நிலையில் இருப்பவர்களுக்கிடையே அது கிட்டத்தட்டக் குலுக்கல்தான். இந்தக் குலுக்கலை ஆய்வாளர்கள் சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள். கேட்ட பாடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் படிப்புக் காலம் முழுவதும், வேலைக்குப் போன பிறகும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் முறை இடம் கிடைக்காதவர்கள் அந்தப் பாடத்தைப் பிற்பாடு எப்போதாவது படிக்கும் வாய்ப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே துறையில் வேறு ஏதேனும் ஒரு பாடத்தை எடுக்கும் வாய்ப்பும் 30 சதவீதம் குறைவு. மாணவிகளுக்கு நேர்ந்ததுதான் மிகவும் கவலை தருவது. உரிய காலத்தில் பட்டம் முடிக்கும் வாய்ப்பு 7.5 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறைகளுக்குள் போவது குறைந்தது. வேலையின் தொடக்க ஆண்டுகளில் வாங்கும் சம்பளத்தில்கூட அது தெரிந்தது. ஆண்களிடம் இத்தகைய சரிவு தென்படவில்லை.

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில், பதிவுக்கான முன்னுரிமை நேரம் மாணவர்களுக்குத் தற்செயலாக ஒதுக்கப்படுவதை வைத்து நடந்த ஆய்வில், இடப் பற்றாக்குறையால் பட்டம் தாமதமாகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே ஒரு வகுப்பில் இடம் இல்லாமல் போவது எங்கும் எல்லோருக்கும் பேரிழப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் யாரைப் பாதிக்கிறது, எந்தப் பாடத்தில் பாதிக்கிறது என்று தேடிப் பார்க்காத கல்லூரிக்கு, அது யாரையும் பாதிக்கவில்லை என்று சொல்லவும் உரிமை இல்லை. பதிவு மென்பொருளைப் பற்றிய என் வாதமே இதுதான்: மாணவருக்கு இடம் ஒதுக்குவதைவிட, கல்லூரி தன் மாணவர்களை எங்கே கைவிடுகிறது என்று காட்டுவதே அதன் பெரிய பயன்.

நம் ஊர் வாசகருக்கு அமெரிக்க முறையைச் சற்று விளக்க வேண்டும். இங்கே பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலிருந்து ஆறாவது செமஸ்டர்வரை என்ன படிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அச்சடித்த பாடத்திட்டத்தில் இருக்கும். அங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். அதை எந்தெந்தப் பாடங்களால் நிரப்புவது, எந்த வரிசையில் படிப்பது என்பதில் பெரும் பகுதி மாணவரின் பொறுப்பு. நான்கு ஆண்டில் முடிக்க வேண்டுமானால் செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுக்க வேண்டும். ஆனால் அரசு உதவித்தொகைக்கு 12 எடுத்தாலே முழுநேர மாணவர் என்று கணக்கு. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு செமஸ்டரும் 12 எடுத்துக்கொண்டே போகும் மாணவர் ஐந்தாம் ஆண்டுக்குத் தள்ளப்படுகிறார். ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகைக்கோ, 2012 முதல் ஆயுளுக்கு 12 செமஸ்டர்தான் வரம்பு.

முன்தேவைப் பாடங்கள் வேறு இருக்கின்றன. கால்குலஸ் முதல் பகுதியில் தேறினால்தான் இரண்டாம் பகுதி, அதில் தேறினால்தான் அடுத்தது. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். அப்படிப்பட்ட ஒன்று கை நழுவினால் ஓர் ஆண்டே போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. எஃப்-1 விசாவில் இளநிலை படிப்பவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடம் ஒன்றை மட்டுமே, அதுவும் 3 கிரெடிட் அளவுக்கே, சேர்த்துக்கொள்வார்கள். நேரடி வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் ஆன்லைனில் எடுத்துச் சமாளிக்கலாம் என்று அந்த மாணவர் நினைக்க முடியாது. வங்கியில் கல்விக்கடன் வாங்கி அனுப்பிய பெற்றோருக்குக் கூடுதலாக ஒரு செமஸ்டர் என்றால் எத்தனை லட்சம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதிவு முறையின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் துறைவாரியாக மேசை போட்டு, மாணவர்கள் மேசை மேசையாக வரிசையில் நின்று துளையிட்ட அட்டைகளை வாங்கினார்கள். 1964இல் பெர்க்லியில் பேச்சுரிமைக்காகப் போராடிய மாணவர்கள் இந்தத் துளை அட்டையையே எதிர்ப்புச் சின்னமாக அணிந்துகொண்டது, பல்கலைக்கழகம் தங்களை எப்படி நடத்துகிறது என்பதைக் காட்டத்தான். 1980களில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் வழியில் தொலைபேசிப் பொத்தான்களை அழுத்திப் பதிவு செய்யும் முறை பரவியது. பிறகு இணையம் வந்தது. நாள் கணக்கில் நடந்தது நிமிடங்களில் முடிந்தது. எந்தப் பாடத்தை எடுப்பது, அது பட்டத்துக்கு எப்படி உதவும் என்ற கேள்வியோடு மாணவர் தனியாக நின்றது மட்டும் மாறவில்லை. வேகம் கூடியதால் புதிய அநீதியும் வந்தது. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றால், பதிவு திறக்கும் நேரத்தில் நல்ல இணைய இணைப்போடு உட்கார்ந்திருப்பவர் ஜெயிக்கிறார். பகுதிநேர வேலையில் நிற்பவர் தோற்கிறார்.

இந்த அநீதியைப் பொருளியலாளர்கள் கருத்தாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவர்கள் முறைவைத்து ஆளுக்கொரு பாடமாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருந்தது. அங்கே மாணவர்கள் மனத்தில் இருந்ததை அப்படியே சொல்லவில்லை என்று எரிக் புடிஷ், எஸ்டெல் காந்தியோன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சீக்கிரம் நிரம்பிவிடும் பாடத்தை, அதில் பெரிய விருப்பம் இல்லாவிட்டாலும், மேலே போட்டார்கள். நெருக்கடி இல்லாத பாடத்தை, அதுதான் உயிர் என்றாலும், கீழே தள்ளினார்கள். எல்லோரும் இப்படிச் செய்தபோது எல்லோருக்குமே நட்டம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் ஏல முறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் புள்ளிகள் கொடுத்து, பாடங்களை அவற்றால் ஏலம் கேட்கச் சொன்னார்கள். ஏலத்தில் கெட்டிக்காரர் பிழைத்துக்கொண்டார். கணக்குத் தவறியவர் புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் இல்லாமல் நின்றார்.

2013இல் வார்ட்டன் அதைக் கைவிட்டு, புடிஷின் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட 'கோர்ஸ் மேட்ச்' முறைக்கு மாறியது. அது வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. மாணவர் ஏலம் கேட்பதில்லை. ஒவ்வொரு பாடமும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பெண் போடுகிறார். இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்து கிடைத்தால் கூடுதல் நன்மை, அந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் மற்றது வேண்டாம் என்றும் சொல்லலாம். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பொய்ப்பணம் கணக்கில் வைக்கப்படுகிறது. பிறகு கணினி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விலையைத் தேடுகிறது. அந்த விலையில் ஒவ்வொரு மாணவருக்கும் அவர் பணத்துக்குள் அடங்கும் மிகச் சிறந்த கால அட்டவணையை வாங்கிக் கொடுத்தால், வகுப்பறைகள் அநேகமாக வழியாமல் நிரம்ப வேண்டும். சுமார் 1,700 மாணவர்கள், 350 பாடங்கள்வரை. இதற்காகக் கணினிகள் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பார்க்கின்றன. மாணவருக்கு மிஞ்சும் வேலை ஒன்றுதான்: தனக்கு என்ன வேண்டும் என்று உண்மையைச் சொல்வது. முறை நியாயமாக இருக்கிறது என்று கருதிய மாணவர்களின் அளவு நன்றாகக் கூடியதைக் கருத்தெடுப்புகள் காட்டின.

அழகான தீர்வுதான். ஆனால் அது வணிகப் பள்ளியின் தீர்வு. அங்கே படிப்பவர்கள் எம்.பி.ஏ. மாணவர்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்த 18 வயதுப் பிள்ளையிடம் 350 பாடங்களைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் என்ன போடுவாள்? அவளுக்கு வேண்டியது ஒரு வழித்துணை. அதைச் செய்து காட்டியது அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம்.

அங்கே மாணவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பின, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2003இல் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர்கள் 32 சதவீதம்தான். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 54 சதவீதம் ஆயிற்று. இந்த மாற்றத்துக்குத் தலைமை தாங்கிய டிமதி ரெனிக் கணினித் துறைக்காரர் அல்லர், சமயவியல் பேராசிரியர். அவருடைய குழு பத்தாண்டுகளின் மதிப்பெண் பதிவுகளை, 25 லட்சம் மதிப்பெண்களுக்குக் குறையாமல், எடுத்து ஆராய்ந்தது. பட்டம் முடிக்காமல் போனவர்களின் பாதையில் எந்த இடத்தில் முதல் சறுக்கல் தெரிந்தது என்று தேடியது. அரசியல் அறிவியல் எடுத்த மாணவர்களைப் பற்றிய கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்கிறேன். அத்துறையின் முதல் பாடத்தில் 'ஏ' அல்லது 'பி' வாங்கியவர்களில் நான்கில் மூவர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள். 'சி' வாங்கியவர்களில் நான்கில் ஒருவர்தான் முடித்தார். 'சி' என்பது தேர்ச்சி மதிப்பெண். அரியர் இல்லை. ஆகவே ஆசிரியரோ துறையோ பெற்றோரோ யாரும் கவலைப்படவில்லை. அந்த மாணவர் அடுத்த ஆண்டு இன்னும் கடினமான பாடத்துக்குப் போனார், பிறகு அதைவிடக் கடினமான பாடத்துக்கு. அவருக்கு எழுதுவதில் ஒரு குறை இருந்திருக்கும், அல்லது படிக்கும் பழக்கத்தில். முதல் செமஸ்டரிலேயே ஒருவர் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சரிசெய்திருக்கக்கூடிய குறை.

2012இல் தொடங்கிய அவர்களுடைய வழிகாட்டு முறை இத்தகைய சுமார் 800 அறிகுறிகளைக் கவனிக்கிறது. பட்டத்துக்கு உதவாத பாடத்தில் மாணவர் பதிவு செய்துவிட்டால், முக்கியமான முதல் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால், முன்தேவைப் பாடத்தைத் தள்ளிப்போட்டால், ஆலோசகரின் திரையில் எச்சரிக்கை வரும். இங்கே மென்பொருளின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு ஆலோசகர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். இதற்காகப் பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தது. 700 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்றிருந்தது 300க்கு ஒருவர் ஆயிற்று. மென்பொருள் விற்பனையாளர்கள் ஜார்ஜியாவின் கதையைச் சொல்லும்போது இந்த 42 பேரைச் சற்று மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். பட்டம் முடிப்போர் விகிதத்தின் ஏற்றமும் 2012இல் தொடங்கியதல்ல. அதற்கு முன்பே மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துப் படிக்க வைத்தது, சக மாணவரைக் கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தது ஆகியவற்றால் அது ஏறத் தொடங்கிவிட்டது.

பணம் கட்டாததால் பெயர் நீக்கப்பட்டவர்களின் பட்டியலும் அவர்கள் கையில் இருந்தது. அதைப் புரட்டியபோது, இன்னும் கொஞ்சம் தூரத்தில் பட்டம் இருக்கும் நல்ல மாணவர்கள் சில நூறு டாலர் குறைவதால் வெளியேறுவது தெரிந்தது. மாணவர் விண்ணப்பிக்கக்கூடத் தேவையில்லாமல், பல்கலைக்கழகமே அந்தத் தொகையை அவர் கணக்கில் போடும் திட்டம் 2011இல் வந்தது. சராசரியாக ஒருவருக்கு 900 டாலர். பதிவேட்டை வாசிக்கத் தெரிந்த நிர்வாகம் செய்யும் காரியம் இது. 2016இல், சேர்க்கை உறுதியான பிறகும் வகுப்பு தொடங்கும்போது வராமல் போகும் மாணவர்களுக்காகக் குறுஞ்செய்தி வழியே பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றை வைத்தார்கள். உதவித்தொகைப் படிவத்தில் என்ன எழுதுவது, தடுப்பூசிச் சான்று எங்கே கொடுப்பது என்று நடு இரவில் கேட்டாலும் பதில் வந்தது. வராமல் போவோர் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

இதே வகைத் தகவலை மாணவருக்கு எதிராகவும் திருப்பலாம் என்பதற்கு மேரிலாந்து மாநிலத்தில் ஒரு நிகழ்வு உண்டு. மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் புதிய மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. அவர்களை அறிந்துகொள்ள என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தவறிவிடக்கூடியவர்கள் யார் என்று கண்டு, அரசுக்கு மாணவர் எண்ணிக்கையை அனுப்பும் நாளுக்கு முன்பே 20, 25 பேரைத் தாமாக விலகச் செய்துவிட்டால் கல்லூரியின் தக்கவைப்பு விகிதம் உயர்ந்து தெரியும் என்பது பல்கலைக்கழகத் தலைவரின் எண்ணமாக இருந்தது. ஆசிரியர்கள் சிலர் ஒத்துழைக்க மறுத்தார்கள். மாணவர் செய்தித்தாள் 2016 ஜனவரியில் அதை வெளிக்கொண்டு வந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு தலைவர் பதவி விலகினார். ஜார்ஜியாவில் தேடியதும் தடுமாறும் மாணவரைத்தான், மேரிலாந்தில் தேடியதும் அவரைத்தான். நோக்கம் வேறு.

நோக்கம் நல்லதாக இருந்தும் கெடுதல் வரலாம். 2021இல் 'தி மார்க்கப்' என்ற புலனாய்வு இதழ், பல பெரிய பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய கணிப்பு மென்பொருளில் மாணவரின் இனம் ஒரு முக்கியக் காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்ததை வெளியிட்டது. சில இடங்களில் வெள்ளை மாணவர்களைப்போல் நான்கு மடங்கு வரையான விகிதத்தில் கறுப்பின மாணவர்களுக்கு 'அதிக ஆபத்து' முத்திரை விழுந்திருந்தது. அந்தத் திரையைப் பார்க்கும் ஆலோசகர், கணிதம் படிக்க வந்த கறுப்பின மாணவியை 'எளிதான' துறைக்கு மாறச் சொல்லிவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைத்து வாங்கும் நம் நாட்டில் இந்தப் பாடத்தை நாம் இருமுறை படிக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது வேறு விதம். அங்கே 'கார்ட்டா' என்ற தளம், ஒவ்வொரு பாடத்திலும் முந்தைய மாணவர்கள் என்ன மதிப்பெண் வாங்கினார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்றெல்லாம் காட்டியது. தகவல் கூடினால் தேர்வு மேம்படும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சோதனை செய்து பார்த்தபோது அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்களின் சராசரி மதிப்பெண் குறைந்தது. குறிப்பாக, பழைய மதிப்பெண் விவரத்தைக் காட்டியதே குறையக் காரணம் என்று அடுத்த சோதனை சொன்னது. எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் என்று பார்த்தவர்கள் உழைப்பைக் குறைத்துக்கொண்டார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. எதையும் திரையில் காட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சில இடங்களில் மென்பொருளுக்கு வேலையே இல்லை, பாடத்திட்டத்தில்தான் கோளாறு. ஒஹாயோவின் ரைட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் கால்குலஸ் வரிசையைத் தாண்ட முடியாமல் கூட்டமாக உதிர்ந்தார்கள். 2004இல் அங்கே பொறியியல் ஆசிரியர்களே நடத்தும் ஒரு கணிதப் பாடத்தை முதலாண்டில் வைத்தார்கள். பொறியியலுக்கு உண்மையில் தேவைப்படும் கணிதத்தை ஆய்வகப் பயிற்சியோடு அதில் சொல்லிக் கொடுத்து, கால்குலஸ் முடிக்காமலேயே மேல்பாடங்களுக்குப் போக வழிவிட்டார்கள். பட்டம் முடிப்பவர்கள் கூடினார்கள். எந்தப் பாடம் எத்தனை பாடங்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கணினியால் படம் போட்டுக் காட்ட முடியும். அடைப்பை எடுப்பது பாடத்திட்டக் குழுவின் கையில்.

கல்லூரி மாறும் மாணவர்கள் கதையும் அப்படியே. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள். படித்தது வீண் என்பதை மாறிய பிறகுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2020இல் வைத்த தேடுதளத்தில், தன் பாடம் எந்த வளாகத்தில் எதற்குச் சமமாக ஏற்கப்படும் என்று மாணவர் முன்கூட்டியே பார்க்கலாம். துறைத் தலைவரின் மேசையில் இருந்த விதி பொதுவெளிக்கு வந்ததே அதன் பெரிய நன்மை.

இங்கே நிலைமை என்ன? பல்கலைக்கழக மானியக் குழு விருப்பத் தேர்வு அடிப்படையிலான கிரெடிட் முறையைக் கொண்டு வந்து பத்தாண்டு ஆகிறது. 2021இல் கிரெடிட் வங்கி விதிமுறைகள் வந்தன. சேர்த்த கிரெடிட் ஏழு ஆண்டுவரை செல்லும். ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் படித்தும் 40 சதவீதம்வரை கிரெடிட் பெறலாம். வேலூர் வி.ஐ.டி. போன்ற இடங்களில் பாடம், ஆசிரியர், நேரம் மூன்றையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் முறை பல ஆண்டுகளாக நடக்கிறது. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்றாலும் கிரெடிட் என்ற கணக்கு நம் கல்லூரிகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. சேமிக்க வங்கி இருக்கிறது. எதைச் சேமிப்பது என்று சொல்ல ஆள் இல்லை. இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் 'எலெக்டிவ்' என்று பாடத்திட்டத்தில் மூன்று பாடங்கள் இருக்கும். துறையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே வகுப்பு முழுவதற்கும் விருப்பப்பாடம் ஆகும். பார்ட் 4இல் வரும் நான்-மேஜர் எலெக்டிவ் பெயர்ப் பட்டியல் பல நேரம் துறை அலுவலகத்திலேயே தயாராகிவிடுகிறது. அந்தப் பாடத்தை யார் கேட்டார்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்ற தகவல் எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாத இழப்பை எந்த ஆய்வாளரும் அளக்க முடியாது.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்றிதழ் கொடுத்துக் கட்டணச் சலுகை வழங்கும் மாநிலம் இது. அந்த மாணவர்கள் எந்தெந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், எத்தனையாவது செமஸ்டரில் தடுமாறுகிறார்கள் என்பதைச் சொல்லும் மதிப்பெண்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகக் கணினிகளில் ஆண்டு ஆண்டாகக் கிடக்கின்றன. அவற்றை வைத்து அரியர் பட்டியல் போடுகிறோம், மதிப்பெண் சான்றிதழ் அச்சடிக்கிறோம். ஜார்ஜியாவின் குழு தேடியதைத் தேட அந்தத் தரவே போதும். தொடங்குவதற்கு விலை உயர்ந்த மென்பொருள்கூட வேண்டியதில்லை.

தன்னாட்சிக் கல்லூரி முதல்வர்களிடமும் பல்கலைக்கழகப் பதிவாளர்களிடமும் நான் கேட்பது மூன்று. அடுத்த செமஸ்டருக்கு விருப்பப்பாடம் அறிவிக்கும் முன் மாணவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள், கேட்டும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையைப் பாடவாரியாக அறிவிப்புப் பலகையில் போடுங்கள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்த வாரமே, தேர்ச்சி பெற்றும் தள்ளாடும் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு ஓர் ஆசிரியருக்கு வகுப்புச் சுமையைக் குறைத்துக் கொடுங்கள். புதிய மென்பொருளுக்கு ஒப்பந்தம் போடும் நாளில், அது காட்டும் எச்சரிக்கையைப் படித்துச் செயல்பட எத்தனை பேரை நியமிக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதுங்கள்.